சின்னக் கைக்கு எட்டும் கைப்பிடி

எனக்குக் கை சின்னது. கையுறை வாங்கினால் எஸ் சைஸ்தான், அதிலும் விரல் நுனியில் கொஞ்சம் துணி மிச்சம் இருக்கும். அதனால் யாராவது ஒரு கைத்துப்பாக்கியைக் காட்டி "பிடிச்சுப் பாருங்க, கைக்குள்ள அப்படியே உட்காரும்" என்றால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். உள்ளங்கை நிறைவது சுகம்தான். ஆனால் ஆள்காட்டி விரல் டிரிகரில் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் நான் வாயைத் திறப்பேன்.

பார்க்கிற முறை எளிது. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டா வெடிக்கிற அறையான சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்துவிட்டு, ஆபத்தில்லாத பக்கம் திருப்பிக்கொள்வேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவை, கைப்பிடியின் பின்பக்க உச்சியில் நன்றாக ஏறி உட்கார வேண்டும். பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்த நிலையிலேயே விரல் நுனிச் சதை டிரிகரில் படிந்தால் சரி. எட்டவில்லை என்றால் கை நம்மைக் கேட்காமலே ஒரு வேலை செய்யும், கைப்பிடியைச் சுற்றி லேசாகத் திரும்பிக்கொள்ளும். விரல் எட்டிவிடும், ஆனால் பின்னுதைப்பு முன்கைக்கு நேராக இறங்காமல் கட்டைவிரலின் அடிமூட்டில் போய் இடிக்கும். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் அப்படிப் பருத்த கைப்பிடியோடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெட்டித் தோட்டா சுட்ட அன்று இரவு பாட்டில் மூடி திறக்க நான் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எடுத்தவுடன் "ஆகா, என்ன சுகம்" என்று சொல்வதும் அதே துப்பாக்கியைத்தான்.

கைப்பிடி ஏன் இவ்வளவு பருமன் என்று கேட்டால், உள்ளே மேகசின் இருக்கிறது. தோட்டாவின் நீளம்தான் கைப்பிடியின் முன்பின் ஆழத்தை முடிவு செய்கிறது. 9 மி.மீ. லூகர் தோட்டா முழு நீளம் 29.7 மி.மீ., .45 ஏ.சி.பி. 32.4 மி.மீ., எஃப்.என். நிறுவனத்தின் 5.7 தோட்டாவோ 40.5 மி.மீ. நீளம். ஒரு வரிசையா இரட்டை வரிசையா என்பது அகலத்தை முடிவு செய்கிறது. .45 என்றதும் சின்னக் கைக்காரர்கள் பயந்து ஒதுங்குவார்கள். ஆனால் .45 தோட்டா போடும் '1911' என்ற ரகத் துப்பாக்கியில் மேகசின் ஒற்றை வரிசை, கைப்பிடி தட்டையாக இருக்கும், பலருக்கு அது நன்றாகவே எட்டும். 1935-இல் வந்த பிரவுனிங் ஹை-பவர் 13 தோட்டாக்களை இரட்டை வரிசையில் வைத்துக்கொண்டும் ஒல்லியாக இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அதற்குப் பிறகு வந்த பலவற்றுக்கு ஏன் இவ்வளவு தடித்த உடம்பு என்று நினைத்துக்கொள்வேன்.

எட்டவில்லை என்ற புகாரும் புதிதல்ல. அமெரிக்கப் படையின் 1911 துப்பாக்கியை 1920-களின் நடுவில் திருத்தி ஏ1 ஆக்கியபோது டிரிகரைக் குட்டையாக்கினார்கள், அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரும்பைக் குடைந்து விரலுக்கு வழிவிட்டார்கள். பின்னால் வந்து விழுகிற ஹேமர் (சுத்தியல்) கையைக் கடிக்காமல் இருக்க, கவைக்கு மேலே நீளும் பின்வாலை நீட்டினார்கள். கைப்பிடியின் பின்பக்கக் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் புடைக்க வைத்தார்கள், அது உள்ளங்கையின் அடியைத் தள்ளிக் குழலைச் சற்று மேலே தூக்கும்.

இந்தச் சாய்வு விஷயம் தனிக் கதை. லூகர் பி08 துப்பாக்கியின் கைப்பிடி நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும், 1911 அதைவிட நிமிர்ந்து நிற்கும், க்ளாக் துப்பாக்கி இரண்டுக்கும் நடுவில். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை உயர்த்திவிட்டுக் கண்ணைத் திறங்கள். 1911-இல் பழகிய கை க்ளாக்கை எடுத்தால் முன் சைட் மேலே தூக்கி நிற்கும். எது நல்ல சாய்வு என்று இரண்டு கட்சியும் விடியவிடியச் சண்டை போடுவார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை, கொஞ்ச நாளில் மணிக்கட்டு எதற்கும் பழகிவிடும். பழகாதது விரலின் நீளம்தான். ரூகர் மார்க் IV வாங்குகிறவர்களுக்கு இந்தச் சண்டையும் வேண்டாம், சாய்ந்த கைப்பிடியும் உண்டு, 1911-ஐப் போல நிமிர்ந்த 22/45 என்ற மாடலும் உண்டு.

இப்போதெல்லாம் கைப்பிடியின் பின்பக்கத் தகடான பின்பட்டையைக் கழற்றி மாற்றலாம். வால்தர் பி99 அப்படி வந்தது, 2010-இல் க்ளாக் நான்காம் தலைமுறையும் அந்த வழிக்கு வந்தது. சிக் பி320-இல் கைப்பிடியையே சிறிது, நடுத்தரம், பெரிது என்று முழுசாக மாற்றிக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் பின்பட்டை மாற்றினால் டிரிகருக்குள்ள தூரம் மாறுமே தவிர பக்கவாட்டு அகலம் அப்படியேதான் இருக்கும். ஹெக்லர் அண்ட் கோக் பி30-இல் பக்கத் தகடுகளும் தனித்தனியாக மாறுவது அதனால்தான் எனக்குப் பிடிக்கும். கைப்பிடியின் முன்பக்கத்தில் போடுகிற விரல் பள்ளங்கள் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. யாரோ ஒருவருடைய விரலை அளந்து பள்ளம் போட்டிருப்பார்கள், என் நடுவிரலும் மோதிர விரலும் சரியாக மேட்டின் மேல் ஏறி உட்காரும். க்ளாக் 1998 வாக்கில் போட்ட அந்தப் பள்ளங்களை 2017-இல் ஐந்தாம் தலைமுறையில் எடுத்துவிட்டது, நிம்மதி.

ரிவால்வரில் கைப்பிடிக்குள் மேகசின் கிடையாது, ஒரு ஸ்பிரிங்தான். எனவே இரும்புச் சட்டத்தின் மேல் எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் மரமோ ரப்பரோ மாட்டலாம். பாக்கெட்டில் வைக்கிற அளவுச் சின்ன ரிவால்வரின் ஒல்லிக் கைப்பிடி பார்க்க லட்சணமாக இருக்கும். சுட்டால், அத்தனை உதையும் விரலகலப் பட்டையில் வந்து இறங்கும். பின்பக்க இரும்பை மூடுகிற ரப்பர் போட்டால் வலி பாதியாகிறது, ஆனால் விரல் அந்த அளவுக்குத் தள்ளிப் போகிறது. என் கைக்கு அது கட்டுப்படி ஆகாத பேரம்.

நான் அதிகம் சுடுவது பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். அதன் கைப்பிடி வால்நட் மரம், உள்ளங்கைக்குக் கீழே ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தட்டு இருக்கும். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் எஸ், எம், எல். தொழிற்சாலையிலிருந்து வருவது பாதி வேலைதான். மீதிக்கு அரமும் உப்புத்தாளும் வேண்டும். உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து விட்டால், எங்கெங்கே அழுந்துகிறதோ அங்கெல்லாம் வெள்ளை அப்பியிருக்கும். என்னுடையதில் நடுவிரலின் அடிக்கணு படுகிற இடத்தில் கெட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது, உள்ளங்கைக் குழி இருக்க வேண்டிய இடம் மொத்தமும் வெறும் மரமாகக் கிடந்தது. பொட்டு விழுந்த இடத்தை உப்புத்தாளால் இழைத்தேன், குழிக்கு நேரே மரத்துக்குப் பூசுகிற பட்டி (putty) வைத்து மேடு கட்டினேன். பட்டி காய்வதற்குள் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பிடித்தால் கையின் அச்சே அதில் விழுந்துவிடும். அதன் பிறகு கைப்பிடிக்குள் கை ஒரே ஒரு வழியாகத்தான் போகும். வேறு மாதிரி வைத்தால் உடனே உறுத்தும். அந்த உறுத்தல்தான் எனக்கு வேண்டியது, ஒரு போட்டியில் சுடுகிற அறுபது தடவையும் ஒரே பிடி பிடிக்க வைக்க வேறு வாத்தியார் தேவையில்லை.

இழைப்பதைக் கை சூடான பிறகு செய்யுங்கள். சுட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் விரல்கள் லேசாக உப்பும். வந்தவுடனே அளவெடுத்து இழைத்தால் பாதி ஆட்டத்தில் இறுக்கும். கீழ்த்தட்டை ஒட்ட ஏற்றி முடுக்கவும் கூடாது, சைட் நாடித்துடிப்புக்கு ஏற்ப ஆடுவது கண்ணுக்கே தெரியும். போட்டி விதி வேறு இருக்கிறது: துப்பாக்கி 420-க்கு 200-க்கு 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், மணிக்கட்டைக் கைப்பிடி தாங்கக் கூடாது. கையையே சுற்றி மூடுகிற கைப்பிடி ஐம்பது மீட்டர் ஃப்ரீ பிஸ்டலுக்கு மட்டும் அனுமதி, அந்தப் போட்டி 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை.

சொரசொரப்பு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. புள்ளி குத்திய மரம் வியர்த்த கையில் நகராது, ஆனால் முதலில் பிடித்த பிடி கோணலாக இருந்தால் அந்தக் கோணலையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். வழவழப்பான மரத்தில் கையைச் சற்று அசைத்துச் சரிசெய்துகொள்ளலாம், வியர்வைதான் தொல்லை. இப்போதைக்கு வழவழப்புதான், பக்கத்தில் ஒரு துண்டு வைத்துத் துடைத்துத் துடைத்துச் சுடுகிறேன்.