எஸ்எஸ்பி-ல (ராணுவ ஆபீசர் ஆகறதுக்கான நேர்முகத் தேர்வு) ரெண்டாவது முயற்சில ரெகமெண்ட் ஆன, அதாவது தேர்வான அனுபவம்

நான் செங்கல்பட்டு பையன். ஜெனரல் சுந்தர்ஜி எங்க ஊர்ல பிறந்தவர்னு தாத்தா சொல்லி சொல்லியே வளர்ந்தேன். 1946-ல மஹார் ரெஜிமெண்ட்ல சேர்ந்த ஒரு காலாட்படை ஆபீசர், 1986-ல ராணுவத் தளபதி. நாப்பது வருஷம்! அந்த வாசல்ல நானும் கால் வைக்கணும்னுதான் ராணுவ ஆபீசர் ஆகறதுக்கான சிடிஎஸ் எழுத்துத் தேர்வு எழுதினேன். அதுல பாஸானா அடுத்து எஸ்எஸ்பி.

முதல் தடவை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கலங்கலா ஒரு படத்தை 30 செகண்ட் காட்டுவாங்க, 4 நிமிஷத்துல கதை எழுதணும், அப்புறம் குரூப்பா உக்காந்து அவங்கவங்க கதைய சொல்லிட்டு எல்லாருக்கும் பொதுவா ஒரு கதைக்கு வரணும். எங்க குரூப்ல ஆளாளுக்கு கத்தினாங்க, நானும் கத்தினேன், மத்தியானம் நம்பர் படிச்சப்ப என் நம்பர் இல்ல. ஸ்டேஷனுக்கு திரும்புற பஸ்ல ஒருத்தரும் வாயத் திறக்கல.

ரெண்டாவது தடவை பெங்களூர். இந்த தடவ பக்கத்துல இருந்த பையன் பாதில நிறுத்தின கதைய "முழுசா சொல்லுங்க, கேப்போம்"னு கேட்டேன், அதுலயே குரூப் கொஞ்சம் அடங்குச்சு. உள்ள வந்துட்டேன். மறுநாள் சைக்காலஜி டெஸ்ட், அதுல 60 வார்த்தை ஒண்ணொண்ணா காட்டுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுத 15 செகண்ட், யோசிக்க நேரமே கிடையாது, மனசுல வர்றத எழுதுங்க, மனப்பாடம் பண்ணிட்டு போகாதீங்க.

கிரவுண்ட்ல கமாண்ட் டாஸ்க்தான் எனக்கு மறக்காது. ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு வச்சு ஒரு தடையைத் தாண்டணும், ரெண்டு பேர் நம்ம சொல்படி செய்வாங்க. நான் போட்ட பலகை ஒரு சாண் எட்டல. ஆபீசர் பாத்துட்டே நிக்கிறார், கை நடுங்குது. "இது சரியா வராது, எடுத்துடலாம்"னு அந்த ரெண்டு பேர்கிட்டயும் சத்தமா சொல்லிட்டு கட்டைய கயிறால கட்டி வேற வழியா போனோம், தாண்டிட்டோம்.

அப்புறம் இண்டர்வியூ. பிடிச்ச ராணுவ ஆபீசர் யாருன்னு கேட்டாங்க. சுந்தர்ஜின்னு சொல்லி காங்கோல ஐநா படை, 65 பாகிஸ்தான் போர்ல பட்டாலியனுக்குத் தலைமை, காலாட்படைக்காரர் டேங்க் டிவிஷனுக்கே தலைமை தாங்கினது எல்லாம் சொன்னேன். சார் பொறுமையா கேட்டுட்டு "சரி, அவர் காலத்துல எது தப்பாப் போச்சு?"ன்னார். எனக்கு வேர்த்துடுச்சு. 1987-ல இலங்கைக்கு அமைதிப்படை போனது அவர் தளபதியா இருந்தப்பதான், ஆயிரத்துக்கும் மேல நம்ம ஜவான்கள் திரும்பி வரல, அங்க தமிழ் ஜனங்களும் செத்தாங்க, எதிர்ல நிக்கிறவங்க பலத்த குறைச்சு எடை போட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன் சார்னேன். அவர் தலையாட்டவும் இல்ல, மறுக்கவும் இல்ல, அடுத்த கேள்விக்கு போயிட்டார். பிடிச்சவரப் பத்தி இதை சொல்றது வலிச்சது, ஆனா மறைக்க மனசு வரல.

கடைசி நாள் கான்ஃபரன்ஸ், யூனிஃபார்ம்ல வரிசையா ஆபீசர்கள், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. ரிசல்ட் படிச்சப்ப மூணு பேர் நம்பர், மூணாவது என்னுது. நம்பர் வராத பசங்களும் வந்து கட்டிப்பிடிச்சாங்க, அம்மாவுக்கு ஃபோன் போட்டா எனக்கு பேச்சே வரல.

அடுத்து மெடிக்கல், நாலஞ்சு நாள் எடுக்கும். போறதுக்கு முன்னாடியே இஎன்டி டாக்டர்கிட்ட போய் காத கிளீன் பண்ணிக்கோங்க, அழுக்கு இருந்தாக்கூட எழுதி வச்சு மறுபடி வரச் சொல்லிடறாங்க.