மீன் வேண்டாம், ஆழமும் வேண்டாம்: மூடிய குட்டையைத் திரும்ப எடுத்த கதை

போன மழைக்குத்தான் எங்கள் குட்டையில் தவளைச் சத்தம் கேட்டது. அதுவரை இரண்டு வருட அலைச்சல். இப்போதுகூட அனுமதிக்காகக் காத்திருந்த அந்த அலுவலக பெஞ்சு ஞாபகம் வந்தால் எரிச்சல் முழுசாக அடங்கவில்லை. தவளைக்கும் தும்பிக்குமாக ஒரு மூடிய குட்டையைத் திரும்ப எடுக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் நிலத்தின் ஒரு மூலை எப்போதும் சொதசொதவென்று இருக்கும், எதை விதைத்தாலும் வேர் அழுகிவிடும். பழைய நில வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அதே இடத்தில் ஒரு குட்டை குறித்திருந்தது தெரிந்தது. தாத்தா காலத்தில் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். நான் முதலில் வேறு இடத்தில் புதிதாக ஒன்று வெட்டத்தான் திட்டம் போட்டிருந்தேன். மனதை மாற்றியது இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு. 2017இல் வெளியானது. இப்படி மூடப்பட்ட குட்டைகளைத் தோண்டிப் பார்த்ததில், 150 ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த நீர்ச்செடி விதைகள்கூட முளைத்திருக்கின்றன. அப்படியென்றால் எங்கள் மூலையிலும் அந்தப் பழைய வண்டல்தான் உண்மையான சொத்து, அதைத் தேடி எடுத்தால் போதும் என்று தோன்றியது.

சரி, அனுமதி. படிவத்தில் 'நோக்கம்' என்று ஓர் இடம், அதில் மூன்றே பதில்கள்: பாசனம், மீன் வளர்ப்பு, கால்நடைக்குத் தண்ணீர். எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீனும் விடமாட்டீங்க, தண்ணியும் எடுக்கமாட்டீங்க, அப்புறம் எதுக்குங்க குட்டை?" தவளைக்கும் தும்பிக்கும் என்றேன். அப்படி ஒரு கட்டமே இல்லை, பாசனம் என்று போட்டுவிடுங்கள் என்றார். நானும் போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. பாசனக் குட்டை என்றால் குறைந்தபட்ச ஆழம், செங்குத்துக் கரை, அடியில் பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் வரைபடத்தில் காட்ட வேண்டுமாம். இரண்டாவது முறை போனபோது அதற்காகவே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை, "தோண்டுற மண்ணை விக்கப்போறீங்களா?" என்று கேட்டார்கள். மண் எங்கே போகும் என்று எழுதிக் கொடுத்த காகிதம் இல்லை என்று அன்றும் வெறுங்கையோடு திரும்பினேன், அந்தக் காகிதம் வேண்டும் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடைசியில் வழி திறந்தது அந்தப் பழைய வரைபடத்தால்தான். அதன் சான்றிட்ட நகலை வைத்து, 'புதிதாக வெட்டுதல்' என்பதை அடித்துவிட்டு 'ஏற்கெனவே இருந்த குட்டையைத் தூர் வாருதல்' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். நோக்கத்தைத் தனிக் கடிதமாக இணைத்தேன். ஒரு வாரத்தில் கையெழுத்து ஆனது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் நோக்கத்தை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். அங்கே எழுதியதுதான் பின்னால் வடிவமாக வந்து நிற்கும்.

தோண்டும் நாள் வேறு மாதிரிச் சண்டை. பொக்லைன் ஓட்டிய தம்பி கெட்டிக்காரர், ஆனால் அவர் கைக்குப் பழகியது ஆழமான குழி. "அண்ணே, செங்குத்தா வெட்டினாத்தான் தண்ணி நிக்கும், நீங்க சொல்றது குளமா தட்டா?" என்றார். தட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். குட்டையின் உயிர்களில் பெரும்பகுதி கரையோரத்தின் சில அங்குலத் தண்ணீரில்தான் இருக்கும். ஐந்து அடி நடந்தால் ஓர் அடிதான் இறங்க வேண்டும், ஒரு பக்கமாவது இருபது அடிக்கு ஓர் அடி என்று இன்னும் சாய்வாக இருந்தால் ரொம்ப நல்லது. மூன்றடி இறங்கியதும் கறுப்பான வண்டலும் அதற்குள் நத்தை ஓடுகளும் வந்தன. அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. அந்த வண்டலில் கொஞ்சத்தை அள்ளித் தனியாக வைத்து, கடைசியில் கரையோரம் பரப்பினோம்.

நான் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் தம்பி, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, நடுவில் இன்னும் ஆழமாக ஒரு வாளி எடுத்துவிட்டார். அடியில் இருந்த களிமண் படலம் கிழிந்து மணல் தெரிந்தது. முதல் மழையில் நிறைந்த தண்ணீர் ஒரு வாரத்தில் காணாமல் போனது. களிமண் கொண்டுவந்து, நனைத்து, நான்கு பேர் மிதித்து மிதித்து அந்த ஓட்டையை அடைத்தோம். தயவுசெய்து இயந்திரம் ஓடும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அதோடு, வண்டி வரும்போதே சக்கரத்தையும் வாளியையும் கழுவச் சொல்லுங்கள், வேறு இடத்துக் களைச் செடி அந்தச் சேற்றில் ஒட்டிக்கொண்டு வரும். எடுத்த மண்ணைக் கரைமேல் குவிக்கவும் கூடாது. உரம் ஊறிய மேல்மண், மழை பெய்தால் திரும்ப உள்ளேதான் வடியும், அப்புறம் பச்சைப் பாசியோடு மல்லுக்கட்ட வேண்டும். குட்டையைச் சுற்றிப் பத்து மீட்டரை உழாமல், மருந்தடிக்காமல் விட்டிருக்கிறோம்.

செடி எதுவும் நாங்கள் நடவில்லை. மூன்றாம் மாதம் தண்ணீருக்கடியில் காரா பாசி, செடி போலக் கிளைத்து வளரும் நல்ல பாசி, தானாகவே படர்ந்திருந்தது, கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

அதற்கடுத்த வாரமே எல்லாம் கலங்கிவிட்டது. பக்கத்து நிலத்துப் பெரியவர், எங்கள் மேல் உள்ள பாசத்தில், "சும்மா கிடக்குதேன்னு விட்டேன்" என்று ஒரு குடம் மீன்குஞ்சு கொட்டியிருந்தார். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை. மீன் தலைப்பிரட்டையையும் தும்பியின் இளம்பருவப் பூச்சிகளையும் தின்றுவிடும், அடிச்சேற்றைக் கிளறிக் கலக்கும் மீனாக இருந்தால் வெளிச்சம் போகாமல் நீர்ச்செடியும் செத்துவிடும். வலை போட்டுப் பிடித்தோம், எல்லாம் சிக்கவில்லை. அந்த வருடம் ஒரு தலைப்பிரட்டைகூடக் கண்ணில் படவில்லை. உண்மையாகவே மனது உடைந்துபோனது.

காப்பாற்றியது கோடைதான். குட்டை வற்றிக்கொண்டே வந்தபோது, போர்த் தண்ணீர் விடட்டுமா என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முழுசாக வற்றி நிலம் வெடித்தது, மீதியிருந்த மீனும் போனது. அவ்வப்போது வற்றும் குட்டை செத்த குட்டை இல்லை. தவளைக்கும் பல நீர்ப்பூச்சிகளுக்கும் மீன் தங்க முடியாத தண்ணீர்தான் பாதுகாப்பு. அடுத்த மழைக்குத் தண்ணீர் நின்ற சில நாளிலேயே முட்டைத் திரள்கள் மிதந்தன. பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது யாராவது குடத்தோடு வந்தால் அவரே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

தலைப்பிரட்டை கொஞ்சம் கொடுங்கள், எங்கள் குட்டையில் விடுகிறோம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொடுப்பதில்லை. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை நோய் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரோடும் சேற்றோடும் போகும். வாளி, வலை, செருப்பு எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு எடுத்துப் போகிறோம். அதே வரைபடத்தில் இருந்த இரண்டாவது குட்டையை இந்த வருடம் எடுத்தோம். முதல் குட்டையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட அங்கே ஊற்றவில்லை. தண்ணீர் நின்ற மூன்றாம் நாள் தும்பிகள் வந்துவிட்டன.