மூடி
பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகியதும் ‘உஸ்ஸ்...’ என்று ஒரு நீண்ட பெருமூச்சு. வெளியே வந்த காற்றல்ல. உள்ளே போன காற்று.

3 வாரங்களாக இந்தக் கிழட்டுக் கார் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. சாவியைத் திருகியதும் கிளம்பும். 20 நிமிடம் சமர்த்தாக ஓடும். பிறகு இருமும், திணறும், நின்றுவிடும். 10 நிமிடம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும்.

ஃபில்டரை மாற்றினேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்து, அதிலுள்ள ஜெட்டுகளை, அதாவது பெட்ரோல் போகும் நுண்துளைகளை, ஊதினேன். மிதவை, ஊசி வால்வு எல்லாம் சுத்தம்.

பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு இன்ஜினைச் சுற்றவிட்டேன் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான், பெட்ரோல் பக்கத்தில் தீப்பொறி விளையாட்டல்ல). பெட்ரோல் பீறிட்டு வந்தது. பம்ப்பும் நிரபராதி.

இன்று வழியில் நின்றதும் வேறெதையும் தொடாமல் மூடியைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் பெருமூச்சு.

பளபளவென்று இருக்கிறதே என்று சென்ற மாதம் நானே வாங்கிப் போட்ட புது மூடி! பழையதில் குண்டூசி முனையளவு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். புதியதில் துளை இல்லை. தொட்டிக்குள் காற்றழுத்தம் குறைந்து, பம்ப் இழுத்து இழுத்துத் தோற்றிருக்கிறது.

துருப்பிடித்த பழைய மூடியை எறியாமல் வைத்திருந்தேன். அதை மாட்டி 40 கிலோமீட்டர் ஓட்டினேன். ஒரு இருமல்கூட இல்லை.

வீணாகப் பிரித்ததில் கார்புரேட்டரில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்தான் கிழிந்துவிட்டது. நாளைக்கு அந்த வேலை.