ஃபிராங்க் ஹர்லியை ஆய்வேட்டுக்கு எடுத்தபோது

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதுகலை இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டார்கள். 'தொடக்ககால ஒளிப்பதிவாளர் ஒருவரின் தொழில் வாழ்க்கை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆளை அப்புறம்தான் தேடினேன். அப்படிக் கிடைத்தவர் ஃபிராங்க் ஹர்லி. ஆஸ்திரேலியாக்காரர். 1885இல் சிட்னியில் பிறந்து 1962இல் அதே ஊரில் இறந்தவர். அண்டார்டிகா, முதல் உலகப்போர், பப்புவா, பிறகு பேசும் படங்கள் என்று ஸ்டில் கேமராவையும் சினிமா கேமராவையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு திரிந்தவர். இந்த வருடம் இதே மாதிரித் தலைப்பு எடுக்கும் ஜூனியர்கள் சிலர் கேட்டார்கள். நான் எப்படிப் படித்தேன், எங்கே தப்பு செய்தேன் என்பதை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். அவர் எடுத்த படங்கள் உங்கள் கண்ணுக்குக் கிடைக்குமா? அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே மக்கியும் போகும். அதனால் எத்தனையோ கேமராமேன்களுக்கு இன்று பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஹர்லி விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகம், நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம், ஆஸ்திரேலியப் போர் நினைவகம் மூன்றிலும் அவருடைய படங்களை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையில் அண்டார்டிகாவுக்குப் போன பயணத்தைப் பற்றிய 'சவுத்' (1919) என்ற முழுநீளப் படத்தை பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் மீட்டெடுத்து வைத்திருக்கிறது.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது வீண் வேலை. வருடவாரியாக அட்டவணை போட்டேன். 1911 ஆய்வுப் பயணி டக்ளஸ் மாசன் தலைமையில் அண்டார்டிகா, 1914 ஷாக்கிள்டனோடு, 1917 போர்முனை, 1921 பப்புவா என்று நாற்பது பக்கம் வந்தது. கைடு சார் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, இதுல கேமரா எங்க இருக்கு?" என்றார். வீட்டுக்கு வந்து திரும்பப் படித்தபோது அவர் கேட்டதன் நியாயம் புரிந்தது. அந்த நாற்பது பக்கமும் ஒரு மாலுமிக்கும் பொருந்தும்.

அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டேன். அப்போது அவர் கையில் என்ன இருந்தது? 17 வயதில் 15 ஷில்லிங் விலையுள்ள ஒரு கோடாக் பெட்டிக் கேமரா. வாரம் ஒரு ஷில்லிங் தவணை. அடுத்து சிட்னியில் போஸ்ட்கார்டு தொழில். கடையில் தொங்கும் நூறு அட்டைகளில் தன் அட்டையை எடுக்க வைக்க வேண்டும் என்ற அவசரம் அங்கே வந்தது. பிற்காலத்தில் அவர் செய்தவற்றில் பாதிக்கு வேர் அந்தக் கடையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

1915இல் அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் ஷாக்கிள்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் பனியில் நசுங்கியது. அக்டோபர் 27 அன்று கப்பலைக் கைவிட்டார்கள். சில நாள் கழித்து ஹர்லி திரும்பிப் போய், மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உறைநீரில் இறங்கி, நெகட்டிவ் டப்பாக்களை வெளியே எடுத்தார். ஆனால் இருந்த கண்ணாடி பிளேட்டுகள் (கண்ணாடியில் பதிந்த நெகட்டிவ்கள்) அத்தனையையும் சுமக்க வழியில்லை. ஷாக்கிள்டனும் அவரும் பனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 120 பிளேட்டுகளை வைத்துக்கொண்டு சுமார் 400ஐ அங்கேயே உடைத்தார்கள். மனம் மாறித் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் உடைத்தது. அதற்குப் பிறகு அவரிடம் இருந்தது ஒரு சின்ன வெஸ்ட் பாக்கெட் கோடாக் கேமராவும் மூன்று ரோல் பிலிமும்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரைக்கும் அதை வைத்துத்தான் ஓட்டினார். இதை நினைவில் வைத்துக்கொண்டு கப்பல் போன பிறகு அவர்கள் படகுகளில் போய் ஒதுங்கிய எலிபன்ட் தீவின் படங்களைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். ஒவ்வொரு முறை ஷட்டரை அழுத்தும்போதும் அவர் எண்ணிப் பார்த்துத்தான் அழுத்தியிருப்பார்.

சினிமாப் பகுதி எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. கையால் சுற்றும் கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 பிரேம் (தனித்தனிப் படம்), நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 பிரேம் என்று மனப்பாடம் செய்துவிடலாம். நான் ஆச்சியின் கை தையல் மெஷினை எடுத்தேன். ஊசியைக் கழற்றிவிட்டு, போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமைப் போட்டு, நொடிக்கு இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். முதல் நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது நிமிடத்தில் தோள்பட்டை கனக்க ஆரம்பித்தது. பக்கத்து அறையில் தம்பி கிரிக்கெட் பார்த்துக் கத்தியபோது என் கை எனக்குத் தெரியாமலே வேகம் எடுத்துவிட்டது. கை வேகமானால் பிரேம் கூடும், திரையில் அசைவு மெதுவாகும். 'சவுத்' படத்தில் கப்பலின் பாய்மரங்கள் முறிந்து சரிகிற காட்சியை அன்று இரவு திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரில், தான் மாதக்கணக்கில் வாழ்ந்த கப்பல் கண்ணெதிரே சரியும்போது, அந்த மனிதர் கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். 35 எம்எம் பிலிமில் அடிக்கு 16 பிரேம். ஆக, அந்த வேகத்தில் நொடிக்கு ஓர் அடி ஓடும், 1000 அடிச் சுருள் 17 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கைத் தேர்வில் தாராளமாக எழுதலாம்.

இனி என் பெரிய தவறு. துறையில் நடந்த மாதிரி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எலிபன்ட் தீவுப் படம் ஒன்றைக் காட்டினேன். கரையில் நிற்பவர்கள் தொப்பியை வீசிக் கை அசைக்கிறார்கள், தண்ணீரில் ஒரு சின்னப் படகு. '1916 ஆகஸ்ட் 30, மீட்பு' என்று தலைப்பு போட்டிருந்தேன். தேர்வாளர் கேட்டார்: "நெகட்டிவைப் பார்த்தீங்களா?" நான் பார்த்திருக்கவில்லை. பல காலம் மீட்புக் காட்சியாகவே காட்டப்பட்டுவந்த படம் அது. உண்மையில் அது எடுக்கப்பட்டது ஏப்ரல் 24 அன்று, ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் 'ஜேம்ஸ் கேயர்ட்' படகில் உதவி தேடிக் கிளம்பியபோது. அந்தப் பெரிய படகு இருந்த இடம் நெகட்டிவில் சுரண்டப்பட்டிருக்கிறது. மிச்சம் இருப்பது சரக்கு ஏற்றிப் போன சின்னப் படகு. வழியனுப்பக் கை அசைத்தவர்கள் வரவேற்பவர்களாக மாறிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தப் படத்துக்கும் மூன்று விஷயம் எழுதாமல் நான் தலைப்பு போடுவதில்லை: நெகட்டிவ் எங்கே இருக்கிறது, அன்றைய நாட்குறிப்பு என்ன சொல்கிறது, படம் முதலில் எந்தத் தலைப்போடு வெளியானது. வேலை இரட்டிப்பாகும், பரவாயில்லை.

இந்த இடத்திலிருந்து 1917க்குப் போவது எளிது. ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனைக்குப் போன ஹர்லி, பல நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். போர்ச் செய்தியாளர் சார்லஸ் பீன் அதைப் போலி என்றே சொன்னார். வரலாற்றுக்குக் கலப்படமில்லாத பதிவு வேண்டும் என்பது அவர் கட்சி. ஹர்லியின் பதில்: ஆட்கள் சிதறி ஓடுகிறார்கள், குண்டு ஓரிடத்தில் வெடிக்கிறது, விமானம் வேறிடத்தில், இது ஒரே பிளேட்டில் எப்படி அடங்கும்? ராஜினாமா செய்வேன் என்றுகூடச் சொன்னார். கடைசியில் சில கூட்டுப்படங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1918 லண்டன் கண்காட்சியில் அவை பெரிய அளவில் தொங்கின.

இந்தக் கேள்வி வந்தால், பலரும் யார் பக்கம் நியாயம் என்று இரண்டு பத்தி எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தொழில்நுட்பத்துக்குள் இறங்குங்கள். அந்தக் காலத்து பிளேட்டில் நீல ஒளி அளவுக்கு மீறிப் பதியும், அதனால் வானம் வெளுத்துப்போகும். தனியாக எடுத்த மேக நெகட்டிவைச் சேர்த்து அச்சிடுவது அன்றைய புகைப்படக்காரர்களின் சாதாரணப் பழக்கம். ஆகவே மேகம் சேர்த்ததையும் நடக்காத ஒரு காட்சியைக் கட்டியதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எனக்கு ஹர்லி மீது அளவில்லாத மரியாதை உண்டு. ஆனாலும் இந்த வழக்கில் நான் பீன் பக்கம்தான் எழுதினேன். இறந்தவர்களின் வீட்டார் அந்தப் படங்களை உண்மை என்று நம்பித்தானே பார்த்திருப்பார்கள்?

மற்றபடி, மனப்பாடத்துக்கு ஆறேழு தேதி போதும். எழுத்துத் தேர்வில் ஒரு பக்கத்துக்கு ஒரு படத்தையாவது விவரித்து எழுதுங்கள். படம் வரையத் தெரிந்தால் ஓரத்தில் சின்னக் கோட்டுப் படம் போடலாம்.

நான் போதுமான அளவு செய்யாத பகுதி 1930கள். ஆஸ்திரேலியாவின் சினிசவுண்ட் ஸ்டுடியோவில் இயக்குநர் கென் ஜி. ஹாலின் 'தி ஸ்குவாட்டர்ஸ் டாட்டர்' (1933) போன்ற கதைப் படங்களுக்கு ஹர்லி ஒளிப்பதிவு செய்தார். பனியிலும் சேற்றிலும் தனியாக முடிவெடுத்துப் பழகிய ஒருவர், இயக்குநரும் நடிகர்களும் ஒலிப்பதிவு மைக்கும் காத்திருக்கிற செட்டில் எப்படி ஒளி அமைத்தார் என்பதற்கு நான் ஒதுக்கியது இரண்டே பக்கம். இறுதி வைவாவில் கேட்ட கடைசிக் கேள்வி அதைப் பற்றித்தான். ஹர்லியையே எடுக்க நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். என் குறிப்பு நோட்டுகள் மூன்றும் துறை நூலகத்தில் இருக்கின்றன.