முடக்குவாதம்: மாத்திரையிலிருந்து ஊசிவரை, சிங்கப்பூரில் என் அனுபவம்

சைட்டோகைன் (உடம்பின் செல்கள் அனுப்பும் ஒருவகைச் சேதிப் புரதம்) என்ற பெயர் நம்மில் பலருக்கு கொரோனா சமயத்தில்தான் காதில் விழுந்தது. செய்தியில் ‘சைட்டோகைன் புயல்’ என்பார்கள். ஏதோ நுரையீரல் சமாச்சாரம் என்று நானும் விட்டுவிட்டேன். அதே சைட்டோகைன்கள்தான் என் விரல் மூட்டுகளை வீங்க வைத்துக்கொண்டிருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

முடக்குவாதத்துக்கு, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு, ஊசி மருந்து தொடங்கப்போகிறவர்கள், தெரிந்தவர் மூலமாக என்னைத் தேடிப்பிடித்து ஃபோன் செய்கிறார்கள். எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விதான்: வலிக்குமா, எவ்வளவு செலவாகும்? ஊசி குத்துவது இதில் ரொம்பச் சின்ன பகுதி. அதற்கு முன்னால் செய்கிற பரிசோதனைகளையும் பின்னால் எடுக்க வேண்டிய எச்சரிக்கைகளையும் பற்றி யாரும் கேட்பதில்லை. ஊசி எந்தச் சைட்டோகைனை அடைக்கிறது, அதாவது வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, என்று தெரிந்துவிட்டால் அவை ஒவ்வொன்றும் ஏன் என்று புரிந்துவிடும். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. காலை ஏழு மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டும். என் விரல்கள் வேலைக்கு வருவதோ ஒன்பது மணிக்குத்தான். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து தரச் சொல்லி ஒரு பிள்ளை நீட்டினால், புட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு உள்ளங்கையால் மூடியை அழுத்தித் திருகுவேன். விரலை மடக்க முடியாது. அத்தை கோடாலித் தைலம் தேய்க்கச் சொன்னார், வாரம் தவறாமல் முடக்கத்தான் தோசையும் வார்த்துக்கொடுத்தார். தோசை நன்றாகவே இருந்தது. வீக்கம்தான் அப்படியே இருந்தது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது?” என்பதுதான். வயதாகி மூட்டு தேய்ந்தவர்களுக்கு விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். ஐஎல்-6 என்ற சைட்டோகைன் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் பின்னிரவில் ஏறத் தொடங்கி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது. ஏழு மணி வேலைக்காரர்களுக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

அங்கிருந்து மருத்துவமனை மூட்டுநோய்ப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அதோடு போனால்தான் மானியக் கட்டணம். அவசரப்பட்டு நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் கணக்கே வேறு. காத்திருப்பு நீளமாகத்தான் இருந்தது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அதிகம், முடக்குவாதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி-சிசிபி என்ற ஆன்டிபாடியும் பாசிட்டிவ். நோயின் பெயரில் சந்தேகம் மிச்சமில்லை.

சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதிப் புரதம். கிருமி வந்தால் எச்சரிக்க, புண் பட்டால் ஆட்களைக் கூப்பிட, வேலை முடிந்ததும் கலைந்து போகச் சொல்ல, எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சேதி உண்டு. முடக்குவாதத்தில் கிருமி எதுவும் இல்லாமலே மூட்டின் உள்சவ்வில் எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு வதந்தியைப் போட, ஆளாளுக்கு நாலு குழுக்களுக்கு அனுப்புவார்களே, அந்தக் கதைதான். டிஎன்எஃப் என்ற சைட்டோகைன் வதந்தியை முதலில் போடுகிறது, ஐஎல்-1, ஐஎல்-6 எல்லாம் பரப்புகின்றன. சவ்வு தடிக்கிறது, எலும்பை அரிக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன.

இத்தனை பேர் பரப்பும்போது ஒருவரை மட்டும் அடக்கி என்ன பயன் என்றுதான் ஒருகாலத்தில் பலரும் நினைத்திருக்கிறார்கள். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இரு ஆய்வாளர்கள் நோயாளிகளின் மூட்டுச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து டிஎன்எஃபை மட்டும் அடைத்துப் பார்த்தார்கள். மற்றவையும் சேர்ந்து அடங்கின. 1992-ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் டிஎன்எஃபை அடைக்கும் மருந்தை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தபோது வீக்கம் இறங்கியது. இன்றைக்குக் கிடைக்கும் பாதி ஊசிகளுக்கு மூலம் அதுதான்.

சரி, நம்மை எடுத்த எடுப்பில் ஊசிக்கு அனுப்ப மாட்டார்கள். முதலில் மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் ஆபத்து என்பதால் மருந்தாளர் கிழமையை என் வாயால் சொல்ல வைத்துத்தான் பையைக் கொடுத்தார். கூடவே ஃபோலிக் ஆசிட், கொஞ்சம் ஸ்டீராய்டு. பிறகு சல்ஃபாசலசின் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. ஓரளவு குறைந்தது, போதவில்லை.

போதவில்லை என்று நான் சொன்னால் மட்டும் போதாது, எண்ணில் காட்ட வேண்டும். அந்த எண்ணுக்கு டாஸ்-28 என்று பெயர். 28 மூட்டுகளை மருத்துவர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, வலிப்பது எத்தனை, வீங்கியது எத்தனை என்று எண்ணி, இஎஸ்ஆரோ சிஆர்பியோ சேர்த்துக் கணக்குப் போடுவார். 5.1-க்கு மேல் போனால் நோய் தீவிரம், 2.6-க்குக் கீழே வந்தால் அடங்கிவிட்டது. கவனியுங்கள், இந்த 28-ல் கணுக்காலும் பாதமும் கிடையாது. எனக்கோ பாதி வலி பாதத்தில். செருப்பில்லாமல் வகுப்பறைத் தரையில் நடப்பதே பாடு. கணக்கில் வராவிட்டாலும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மருத்துவர் எழுதினார். உங்களுக்கும் பாதத்தில் வலி இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், தானாக யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பணத்துக்கு வருகிறேன். ஊசியின் முழு விலையைக் கேட்டபோது மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்கச் சொன்னார்கள். போவதற்குக் கூச்சமாக இருந்தது. நான் பயந்த மாதிரி எதுவும் இல்லை. வீட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்து மருந்து உதவி நிதிக்கு மனுப் போட்டார். முடக்குவாதம் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இருப்பதால் வருட வரம்புக்குள் மெடிசேவிலிருந்தும் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எடுக்கலாம். எனக்கு எழுதிய ஊசி அடலிமுமாப், டிஎன்எஃபை அடைப்பது. காப்புரிமை முடிந்த அதற்கு பயோசிமிலர் (அதே போன்ற மலிவான மாற்று மருந்து) வந்துவிட்டதால் நிலைமை முன்னைவிட எவ்வளவோ மேல். மிச்சம் கையிலிருந்து கட்டிய வெள்ளி தாங்கும்படிதான் இருந்தது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம், காசநோய்ப் பரிசோதனை. டிஎன்எஃபை அடைக்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். நம்மில் சிலருக்கு எப்போதோ நுழைந்த காசநோய்க் கிருமி சாகாமல், நோயும் தராமல், நுரையீரலில் ஒரு மூலையில் கிடக்கும். நோய் எதிர்ப்புச் செல்கள் அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்திருக்கும். அந்த வளையம் கலையாமல் பார்த்துக்கொள்வது டிஎன்எஃப். அதை நாம் ஊசி போட்டு அடைத்தால் கிருமி வெளியே வந்துவிடலாம். மூட்டில் வில்லன், நுரையீரலில் காவலாளி. இது தெரிந்த பிறகு, ‘கெட்ட சைட்டோகைனை ஒழிக்கும் மருந்து’ என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பரிசோதனையும் சைட்டோகைன் வைத்துத்தான். நம் இரத்தத்தோடு காசநோய்க் கிருமியின் புரதத்தைச் சேர்த்து வைப்பார்கள். செல்களுக்கு அந்தக் கிருமியைப் பார்த்த ஞாபகம் இருந்தால் இன்டர்ஃபெரான்-காமாவை வெளியிடும். அதை அளப்பார்கள். பிறந்ததும் போட்ட பிசிஜி தடுப்பூசி இந்த முடிவைக் குழப்பாது, தோலில் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைக் குழப்பும். எனக்குப் பாசிட்டிவ். சின்ன வயதில் எங்கள் ஓரறை வீட்டில் கூடவே இருந்த தாத்தாவின் இருமல்தான் நினைவுக்கு வந்தது.

எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். அப்படியானால் இது உறங்கும் காசநோய், யாருக்கும் தொற்றாது, வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம் என்றார்கள். இதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு இருப்பவள் நான். சிகிச்சை ரிஃபாம்பிசின், 4 மாதம். முதல் மாதம் முடிந்ததும் ஊசியைத் தொடங்கலாம். மாத்திரை போட்ட அன்று மாலையே சிறுநீர் ஃபாண்டா நிறத்தில் போனது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அலறவில்லை. கண்ணீரும் ஆரஞ்சாகும், கான்டாக்ட் லென்ஸ் கறைபடும். யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று, ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும். போட்டுக்கொண்டிருந்த அதே அளவு ஸ்டீராய்டு திடீரென்று பற்றாமல், மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. அளவைக் கூட்டிய பிறகே எழுந்து நடமாட முடிந்தது.

ஹெபடைடிஸ் பி பார்த்தார்கள். சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகளை முன்பே போட்டார்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை ஊசி தொடங்கிய பிறகு போடக்கூடாது என்பதால், அம்மை வந்ததா என்று விசாரித்து ஆன்டிபாடியும் பார்த்தார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. மூட்டுநோய்ப் பிரிவில் தமிழ் பேசும் மூத்த தாதி ஒருவர் இருந்தார். “டீச்சர், பிள்ளைங்க சளி உங்களுக்கு ஒட்டத்தான் செய்யும். காய்ச்சல் வந்தா அந்த வார ஊசியைப் போடாம முதல்ல எங்களுக்கு ஃபோன் பண்ணுங்க” என்றார். “சரிக்கா” என்றேன். அந்த எண் இன்னும் என் ஃபோனில் மேலே இருக்கிறது.

அடலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஊசி பேனா வடிவில் வரும். அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறையவிடக்கூடாது. எங்கள் வீட்டில் தோசை மாவுக்குப் பின்னால் அதற்கு ஓர் இடம். எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, தொடையில் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு சின்ன சன்னலில் மஞ்சள் வந்து நிரம்பும்வரை கையை எடுக்கக்கூடாது. வலிக்குமா என்று கேட்பவர்களுக்கு, எறும்புக் கடிக்குக் கொஞ்சம் மேலே. சில வாரங்களில் புட்டி மூடிகளை விரலால் திறந்தேன். அந்தச் சந்தோஷம் சில மாதங்கள் நீடித்தது, அப்புறம் மெல்ல மெல்லப் பழைய விறைப்பு திரும்பியது. மருந்தே ஒரு புரதம் என்பதால் அதற்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கிவிடலாம். இது நாம் ஏதோ ஒழுங்காகச் செய்யாததால் வருவதில்லை.

அடுத்து ஐஎல்-6 பக்கம் திரும்பினோம். டோசிலிசுமாப் என்ற ஊசி, ஐஎல்-6-ன் சேதியை வாங்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்து சேதி இறங்காமல் தடுக்கிறது. ஐஎல்-6-ன் மரபணுவை 1986-ல் கண்டெடுத்தது ஒசாகாவில் கிஷிமோட்டோ என்ற விஞ்ஞானியின் குழு, மருந்தும் ஜப்பானில் பிறந்ததுதான். காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் இருந்த இளைஞருக்கு முதுகெலும்பு இறுகும் நோய். அவர் போடுவது ஐஎல்-17-ஐ அடைக்கும் ஊசி. “உங்க ஊசியையே எனக்கும் கேட்டுப் பார்க்கவா?” என்றார். டோசிலிசுமாபை அந்த நோய்க்குச் சோதித்துப் பார்த்துப் பலன் இல்லை என்று கைவிட்டிருக்கிறார்கள். வெளியே எல்லாம் மூட்டுவலிதான், உள்ளே சேதி அனுப்புகிறவர் வேறு. யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டில் அது ஐஎல்-1, நோய் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸில் இன்டர்ஃபெரான்கள் என்ற சைட்டோகைன்களுக்குப் பெரிய பங்கு. அடுத்தவர் மருந்தை விசாரித்துப் பொறாமைப்படுவதில் அர்த்தமில்லை.

எனக்கு நெடுநாளாக இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை தின்று தின்று மலச்சிக்கல்தான் மிச்சம். ஐஎல்-6, ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கல்லீரலில் கூட்டி இரும்பை உடம்புக்குள்ளேயே பூட்டி வைக்கும் என்று மருத்துவர் விளக்கினார். டோசிலிசுமாப் தொடங்கியதும் ஹீமோகுளோபின் தானாக ஏறியது. மாலையில் சோபாவில் விழாமல் சமைக்க முடிந்தது. கொழுப்பு கொஞ்சம் கூடியது, வெள்ளணு குறையும் என்பதால் இரத்தப் பரிசோதனை தொடர்கிறது. கடுமையான வயிற்றுவலி வந்தால் குடலில் ஓட்டை விழும் ஆபத்தை மனத்தில் வைத்து உடனே போகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஊசி போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. சிஆர்பியைக் கல்லீரல் உண்டாக்குவதே முக்கியமாக ஐஎல்-6 சொல்லித்தான். அந்தச் சேதியை அடைத்துவிட்டால், உள்ளே கிருமி குடியிருந்தாலும் சிஆர்பி ஏறாமல் இருக்கலாம், காய்ச்சலும் சுமாராகவே காட்டலாம். ஒருமுறை இருமலோடு வீட்டருகே உள்ள கிளினிக்குக்குப் போனேன். விரலில் குத்திப் பார்த்து “சிஆர்பி நார்மல், வைரஸாகத்தான் இருக்கும்” என்றார் மருத்துவர். நான் போடும் ஊசியின் பெயரைச் சொல்லி, இதில் சிஆர்பியை நம்ப முடியாதாம் டாக்டர் என்றேன். அவர் ஒரு நிமிடம் திரையில் தேடிப் படித்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி எடுத்தார், எக்ஸ்ரேக்கு எழுதினார். வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. ஆன்டிபயாட்டிக்கில் அடங்கியது, ஊசியைச் சில வாரம் நிறுத்தி வைத்தார்கள்.

டாஸ்-28 எண் இப்போது 2.6-க்குக் கீழேதான் நிற்கிறது. சிஆர்பி அதில் சேர்வதால் இந்த மருந்தில் எண் கொஞ்சம் அழகாகவே காட்டும் என்று மருத்துவர் மூட்டுகளை அழுத்திப் பார்க்காமல் விடுவதில்லை. ஊசிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாமா என்று போன முறை கேட்டார். பள்ளி விடுமுறை வரட்டும் என்றிருக்கிறேன். வீங்குவதாக இருந்தால் டிசம்பரில் வீங்கட்டும், திறக்கச் சொல்லிப் புட்டியை நீட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.