"குழப்பமில்ல"

போன மாதம் சித்தி மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) வளர்ந்தவன், பிளஸ் டூ படிக்கிறான். மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. சித்தி கொழுந்து எடுக்கப் போகாததால் ஒரு நாள் கூலி போனது.

டாக்டர் நல்லவர்தான். மலையாளத்தில் பொறுமையாகக் கேட்டார். கடையிலும் பஸ்ஸிலும் சரளமாக மலையாளம் பேசுகிற பையன், ஓபி சீட்டின் ஓரத்தைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான். "குழப்பமில்ல" என்ற ஒரே பதில்; மலையாளத்தில் 'பிரச்சினை ஒன்றுமில்லை' என்று அர்த்தம். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்ததும் தமிழில் கொட்டினான்: "நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்குண்ணா."

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பாகுபாடு இல்லாமல், தாங்கக்கூடிய செலவில், எட்டும் தூரத்தில் சிகிச்சை பெறுவது எல்லோருக்கும் உரிமை என்கிறது. வாய் திறந்து சொல்ல ஒரு மொழி இல்லாவிட்டால் அது எப்படி எட்டும் தூரம்? எல்லைப் பகுதி ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் ஒரு கவுன்சலராவது வேண்டும்.

அன்று ராத்திரி 14416-க்குப் போட்டோம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். லயத்தில் ஒரே அறை என்பதால், அவன் பேசி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் பனியில் வெளியே நின்றோம்.

நம்பரைக் குறித்து வையுங்கள்.