நாலு கோடு நோட்டு

மார்ச் 2, திங்கள்

மகளின் நாலு கோடு நோட்டில் பாதிக்குப் பாதி பக்கங்கள் மிச்சம் இருந்தன. இன்று இரவு அதில் எழுத ஆரம்பித்தேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் 46 கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் செய்ததுதான். உறுத்துகிற விஷயத்தைத் தொடர்ந்து 4 நாள், நாளைக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். நடந்ததையும் மனசில் ஓடியதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த 6 மாதத்தில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்களாம்.

நான் எழுதியது அத்தை விஷயம். நாற்பது வருஷம் அத்தை மூடி வைத்திருந்ததைப் பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மதினியிடம் உளறிவிட்டேன். அத்தையின் சொந்த மகளிடம். என்ன விஷயம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை சொன்னதே போதும்.

மார்ச் 3, செவ்வாய்

தூக்கமே இல்லை. அந்த மாணவர்களுக்கும் எழுதி முடித்த கையோடு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மனசும் கனத்திருக்கிறது. பலன் அப்புறம்தான். சரி, பார்ப்போம்.

இன்னொன்றும் படித்தேன். விபத்தில் சிக்கியவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டச் சொல்வது ஒரு காலத்தில் சிகிச்சையாக இருந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர்கள், தீக்காயம் பட்டவர்கள் சிலருக்கு அதனால் வேதனை கூடித்தான் போனதாம். யாரையும் கதை சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு. அவரவர் வாயால், அவரவருக்குத் தோன்றுகிற நேரத்தில் சொல்ல வேண்டியது. அத்தைக்கு அந்த இரண்டையும் நான் விட்டுவைக்கவில்லை.

மார்ச் 4, புதன்

பந்தியில் மோருக்கு இஞ்சி அதிகமாகிவிட்டது வரை இன்று ஞாபகம் வந்தது. மதினிக்குத் தெரிவது நல்லது என்றுதான் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டில் வேறு மாதிரி வந்தது. அவளுக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற பவுசு. அவ்வளவுதான். எழுதிவிட்டுக் கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

ஆறே நிமிடம். கரண்ட் போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்ததும் சேர்த்துக் கணக்கு.

மார்ச் 8, ஞாயிறு

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மனசுல இருந்ததைக் குட்டிச்சுவர்கிட்டச் சொல்லி அழுத கிழவி கதை உனக்குத் தெரியும்ல? பாரம் தாங்காமச் சுவரு இடிஞ்சுச்சு, அவ இளைச்சுப்போனா. எனக்கு ஆட்டுரல் இருந்துச்சு. மாவாட்டுறப்ப எல்லாத்தையும் அதுகிட்டச் சொல்லிருவேன். அது உன்னை மாதிரி இல்லடி, யார்கிட்டயும் போய்ச் சொல்லாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது. அப்புறம், "அவகிட்ட நானே சொல்லியிருப்பேன். பேறுகாலத்துக்கு வர்றப்பச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

அந்தப் பேறுகாலத்துக்கு மதினி இங்கே வரவில்லை.

காம்பையெல்லாம் ஓரமாக ஒதுக்கினார். பையில் என்ன என்று கேட்டார். நோட்டு என்றேன், எல்லாம் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"பின்னாடி வெந்நீர் அடுப்பு எரியுது."